கிரெச்சிலிருந்து பிள்ளையின் விவரம் கசிந்தால்: தென்னாப்பிரிக்காவில் பெற்றோர் என்ன செய்யலாம்?

பிள்ளையை கிரெச்சிலோ (மழலையர் காப்பகம்) ஆஃப்டர்கேரிலோ (பள்ளி விட்ட பிறகு பார்த்துக்கொள்ளும் இடம்) சேர்க்கும் நாளில் நாம் நீட்டும் காகிதக் கட்டில் என்னென்ன இருக்கும்? பிறப்புச் சான்றிதழ் நகல், தாய் தகப்பன் இருவரின் ஐடி நகல், கிளினிக் கார்டு, முகவரி ஆதாரம், மானியம் வாங்கும் இடமென்றால் சம்பளச் சீட்டு. கூடவே, பிள்ளையை யார் வந்து கூட்டிப்போகலாம் என்ற பட்டியல். ஒரு குடும்பத்தைப் பற்றி வங்கிக்குத் தெரிந்ததைவிட கிரெச்சுக்கு அதிகம் தெரியும்.

13 இலக்க ஐடி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த நான்கும் 5000-க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் ஆண். பதினொன்றாவது இலக்கம் 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம்; மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த எண் ஆயுள் முழுக்க இதேதான்.

சட்டத்துக்குப் போகுமுன், கசிவு தெரிந்த அன்றைக்கே செய்யவேண்டியது ஒன்று உண்டு. கூட்டிப்போவோர் பட்டியலை ரத்து செய்து, புதிய பெயர்களையும் ஒரு ரகசியச் சொல்லையும் எழுத்தில் கொடுங்கள். குடும்ப வன்முறைக்காகப் பாதுகாப்பு உத்தரவு வாங்கி முகவரியை மறைத்து வாழ்பவர் என்றால், அந்த உத்தரவு கொடுத்த மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் உடனே தெரிவியுங்கள். இழப்பீடு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி சட்டம். எல்லோரும் போப்பியா என்று சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் நிறைவேறியது. 2021 ஜூலை 1 முதல் எல்லோரும் அதன்படி நடந்தாக வேண்டும். கிரெச் சிறியது, வீட்டு கராஜில் நடக்கிறது என்பதெல்லாம் விலக்கு ஆகாது. பேரப்பிள்ளைகளை ஆயா (பாட்டி) வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது குடும்ப விஷயம், அது சட்டத்துக்குள் வராது. அதே ஆயா மாதக் கட்டணம் வாங்கி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்து, விவரம் எழுதி வைத்தால் அவரும் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார்.

கசிவு தெரிந்ததும் கிரெச் இரண்டு பேருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்: இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் அமைப்பான இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. இது 22-ஆம் பிரிவு. 72 மணி நேரக் கெடு என்று பலர் சொல்வது ஐரோப்பிய விதி. இங்கே சட்டம் சொல்வது, கண்டுபிடித்த பிறகு ‘நியாயமாக எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில்’ என்றுதான். எவ்வளவு கசிந்தது என்று கண்டறியவும் சிஸ்டத்தைச் சரிசெய்யவும் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஆனால், குற்ற விசாரணை கெட்டுவிடும் என்று போலீஸ் போன்ற அரசு அமைப்போ ரெகுலேட்டரோ முடிவு செய்தால் மட்டுமே அறிவிப்பைத் தள்ளிப்போடலாம். ‘எங்கள் வக்கீல் பொறுங்கள் என்றார்’ என்பது அந்தக் கணக்கில் சேராது.

வந்த கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: இதனால் என்ன பாதிப்பு வரலாம், அவர்கள் என்ன செய்கிறார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும், ஊடுருவியவர் யார் என்று தெரிந்திருந்தால் அது. ‘ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு, கவலைப்பட வேண்டாம்’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு வரி போடுவது அறிவிப்பு ஆகாது. அந்த இரண்டு வரியையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் அதுவே சாட்சி.

‘ஹேக் ஆனது நாங்களில்லை, ஆப் கம்பெனிதான்’ என்ற பதில் அநேகமாக வரும். கட்டண ஆப், வருகைப் பதிவு ஆப் எல்லாம் சட்டத்தின் கண்ணில் கிரெச்சுக்காக வேலை செய்யும் ஆபரேட்டர்கள். பாதுகாப்பு பற்றி அவர்களோடு எழுத்து ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டியது கிரெச்சின் கடமை. உங்களுக்குப் பொறுப்பும் கிரெச்தான். அந்த ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல சிறு கிரெச்களுக்கு, ஆப்பை டவுன்லோட் செய்யும்போது ‘சம்மதம்’ என்று தட்டியது தவிர வேறு ஒப்பந்தமே இருக்காது.

முதல் கடிதம்

கடிதத்தை கிரெச்சின் இன்ஃபர்மேஷன் ஆஃபீசருக்கு எழுதுங்கள். தனியார் கிரெச்சில் தனியாக ஒருவரை வைத்திருக்காவிட்டால், நடத்தும் தலைவரே அந்தப் பதவிக்காரர். என் பிள்ளை பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள், என்றைக்குக் கசிவைக் கண்டுபிடித்தீர்கள், ரெகுலேட்டருக்கு என்றைக்குத் தெரிவித்தீர்கள் என்று கேளுங்கள். விவரம் வைத்திருக்கிறார்களா என்ற கேள்விக்குக் கட்டணம் கேட்கக் கூடாது. நகலுக்கு மட்டும் விதிப்படி கேட்கலாம். தேவையற்றதை அழிக்கச் சொல்ல ஃபார்ம் 2 இருக்கிறது.

இங்கே பலர் கவனிக்காத இடம் ஒன்று. தேவை முடிந்த பதிவை வைத்திருக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. பிள்ளை நான்கு வருடத்துக்கு முன்பே கிரேடு ஆருக்கு (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) போய்விட்டது, ஆனால் கசிந்த ஃபைலில் அதன் ஐடி எண் இருக்கிறது என்றால், எந்தச் சட்டத்துக்காக அதை வைத்திருந்தார்கள் என்று கிரெச்தான் காரணம் சொல்ல வேண்டும். ஹேக்கர் எவ்வளவு கெட்டிக்காரர் என்ற விவாதமே இதில் எழாது.

ரெகுலேட்டர் தருவது, தராதது

புகாருக்கு ஃபார்ம் 5. வக்கீல் தேவையில்லை, பிள்ளைக்காகப் பெற்றோர் கொடுக்கலாம். ரெகுலேட்டர் விசாரிக்கலாம், சமரசம் பேசலாம், இன்னது செய் என்று அமலாக்க அறிவிக்கை அனுப்பலாம், 1 கோடி ராண்ட் வரை அபராதம் போடலாம். 2021-இல் நீதித்துறை அமைச்சகத்தின் சிஸ்டமே ஊடுருவப்பட்டது. வைரஸ் தடுப்பு உள்ளிட்ட பாதுகாப்பு மென்பொருள்களின் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். 2023 மே மாதம் அறிவிக்கை போனது. 31 நாளில் சரிசெய்யாததால் ஜூலையில் 50 லட்சம் ராண்ட் அபராதம்.

அந்த அபராதத்தில் ஒரு சென்ட்கூடப் பாதிக்கப்பட்டவர்களுக்கு வராது, அரசுக் கஜானாவுக்குத்தான். புகார் கொடுத்துவிட்டு இழப்பீட்டுக்காகக் காத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆனாலும் புகார் கொடுங்கள். ரெகுலேட்டர் கண்டறிந்ததை, பிறகு கோர்ட்டில் உங்கள் கேஸுக்குத் துணையாக வைக்கலாம்.

காசு கேட்கும் வழி

99-ஆம் பிரிவின்படி நீங்களே சிவில் வழக்குப் போடலாம். உங்களுக்காகப் போடும்படி ரெகுலேட்டரையும் கேட்கலாம். கிரெச் வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ நடந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது சட்டம். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் சட்டத்தை மீறினார்கள் என்பதை நிரூபித்தாக வேண்டும். பாதுகாப்பு பற்றிய 19-ஆம் பிரிவு கேட்பதோ ‘நியாயமான’ ஏற்பாடுகளை மட்டுமே. ஆக, முன்வாசலில் அனுப்பிய கவனக்குறைவு வாதம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. ஹேக் ஆனது என்பதை மட்டும் காட்டினால் போதாது. ஊழியர் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, லிங்க் கிடைத்தவர் யாரும் திறக்கக்கூடிய டிரைவில் சம்பளச் சீட்டுகள், குரூப்பில் பகிர்ந்த பெயர்ப் பட்டியல் போன்றவற்றைக் காட்ட வேண்டும். தாமதமான அறிவிப்போ தனியான மீறல். அதைக் காட்ட இரண்டு தேதிகளே முக்கியம். அதனால்தான் முதல் கடிதத்தில் தேதிகளைக் கேட்கச் சொன்னோம்.

பண நஷ்டத்துக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு ராண்டுக்கும் ரசீது வேண்டும்: ஸ்மார்ட் ஐடி மறுபடி எடுத்த 140 ராண்ட், லீவு போட்ட நாளின் சம்பளம், மனநல நிபுணரின் பில்லும் அறிக்கையும். ‘பயமாக இருந்தது’ என்பதற்கு மட்டும் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள்.

தொகை 20,000 ராண்டுக்குள் என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் போதும். சாட்ஸ்வர்த், வெருலம் போல உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கிளார்க்கிடம் கேட்டால் இலவசமாக வழிகாட்டுவார். முதலில் கோரிக்கைக் கடிதம் கொடுத்து 14 நாள் பொறுக்க வேண்டும். கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சி இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரு தரப்பும் வக்கீல் வைக்க முடியாது. தோற்றால் அப்பீல் கிடையாது. அரசின் மீது அங்கே வழக்குப் போட முடியாது. 2 லட்சம் வரை மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட், 4 லட்சம் வரை ரீஜனல் கோர்ட், அதற்கு மேல் ஹைகோர்ட்.

ஐம்பது அறுபது குடும்பம் சேர்ந்தால் கூட்டு வழக்குக்கு ஹைகோர்ட்டில் முன் அனுமதி கேட்கலாம். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று வக்கீல் ஒப்புக்கொண்டால், வழக்கமான கட்டணத்தின் இரட்டிப்பு அல்லது கிடைத்த தொகையில் 25 சதவீதம், எது குறைவோ அதுவே உச்சம், எழுத்தில் வாங்குங்கள். வருமானம் குறைந்தவர்கள் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டின் 0800 110 110 எண்ணில் கேட்கலாம்.

கெடு: விஷயமும் பொறுப்பாளியும் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம். இது பெற்றோரின் சொந்த நஷ்டத்துக்கு. பிள்ளையின் உரிமை, 18 வயது முடிந்து இன்னொரு வருடம் வரை காலாவதியாகாது. கசிந்தது அரசுப் பள்ளியின் கிரேடு ஆர் வகுப்பிலிருந்து என்றால் வேறு கணக்கு: வழக்குப் போடும் எண்ணத்தை 6 மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நிறையப் பேர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

போலீஸ், கடன் பதிவு, போலி இன்வாய்ஸ்

அனுமதியின்றி சிஸ்டத்தில் நுழைவதும் மிரட்டிப் பணம் கேட்பதும் 2020-ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி குற்றம். ஸ்டேஷனில் கேஸ் நம்பர் வாங்குங்கள். வங்கியும் கடன் நிறுவனமும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மோசடித் தடுப்பு அமைப்பான சதர்ன் ஆஃப்ரிகன் ஃப்ராட் ப்ரிவென்ஷன் சர்வீஸில் உங்கள் ஐடியை இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு செய்யலாம் (இந்த எண்ணில் யாராவது கடன் கேட்டால் கவனமாகச் சரிபாருங்கள் என்ற எச்சரிக்கை). டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற ஒவ்வொரு கடன் பதிவு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தரவேண்டும். பிள்ளையின் எண்ணில் ஏதாவது கடன் தெரிந்தால், பெற்றோர் துணையின்றி மைனர் செய்த கடன் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்று சொல்லி ஆட்சேபியுங்கள்.

கசிவுக்குப் பிறகு வரும் முதல் தாக்குதல் பெரும்பாலும் இப்படித்தான்: கிரெச்சின் லோகோவோடு இன்வாய்ஸ், ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று ஒரு வரி, பிள்ளையின் பெயர் எழுத்துப் பிசகாமல். கிரெச்சின் நம்பரை உங்கள் போனில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து எடுத்து அழைத்துக் கேட்காமல் கட்டாதீர்கள். வீடு வாங்கிய ஒரு பெண் இதே மாதிரி மாற்றப்பட்ட கணக்கு விவரத்தை நம்பி 55 லட்சம் ராண்ட் இழந்தார். அந்த வீட்டு விற்பனையைக் கையாண்ட வக்கீல் நிறுவனம் அதை ஈடுகட்ட வேண்டும் என்றது ஹைகோர்ட். 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவரே சரிபார்த்திருக்க முடியும் என்பது ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக, கிரெச் ஒரு மாதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கலாம். அதில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். தள்ளுபடி மட்டும் போதும் என்று சொல்லுங்கள். சேர்க்கைப் படிவத்தில் ‘எந்த நஷ்டத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். கடும் கவனக்குறைவுக்கு அந்த வரி செல்லாது என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அப்படிப்பட்ட வரியைக் கண்ணில் படும்படி எளிய மொழியில் போட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. படிவத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால், முதல் கடிதத்திலேயே அதையும் சேர்த்துக் கேளுங்கள்.