பற்றரி வேண்டாத பம்ப்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இருபது வருடமாகச் சீனி வருத்தம், ஆண்குறி விறைப்பதில்லை, அதற்குப் போட்ட குளிசையும் பலிக்கவில்லை, ஆண்குறிக்குள் கருவி பொருத்தலாம் என்கிறார் வைத்தியர். "அதின்ர பற்றரி எத்தனை வருசம் நிக்கும்?"

பற்றரியே இல்லை, ஐயா. உள்ளே இருப்பது உப்புநீர்.

குளிசை ஏன் பலிக்கவில்லை? நரம்பு நுனிகள் நைத்திரிக் ஒட்சைட்டை விட்டால்தான் குருதிக் குழாய்கள் தளரும். சில்டெனபில் (வயாகராவில் உள்ள மருந்து) அந்தச் சைகையை நீடிக்க வைக்கும், உண்டாக்காது. நீரிழிவு நரம்பைத் தின்றுவிட்டால் குளிசைக்கு வேலையில்லை.

உடலின் சொந்த ஏற்பாட்டில் நான் சொக்கிப்போவது வால்வில்தான். அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை! ஆண்குறியின் இரு பஞ்சுத் திசுக்களிலும் குருதி நிரம்பி அவை உப்பும்போது, குருதியை வெளியே கொண்டுபோகும் நாளங்கள் அவற்றைச் சுற்றியுள்ள தடித்த உறையோடு நசுங்குகின்றன. வீக்கமே கதவைச் சாத்துகிறது. அந்த உறையில் உள்ளடுக்கு இழைகள் வட்டமாக, வெளியடுக்கு நீளவாட்டில்; கண்டபடி பருக்கவும் விடாது, மடங்கவும் விடாது.

1973இல் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்கொட் குழுவினர் அறிமுகப்படுத்திய கருவி இதே உறையைத்தான் நம்புகிறது. பஞ்சு இருந்த இடத்தில் இரண்டு நீள உருளைகள். இன்று பரவலாக உள்ள வடிவத்தில், அடிவயிற்றில் ஒரு நீர்ப்பை, விதைப்பைக்குள் ஒரு குமிழ்ப் பம்ப். குமிழை அமுக்கினால் நீர் உருளைக்குள் போகும். விட்டால் குமிழ் விரிந்து நீர்ப்பையிலிருந்து உறிஞ்சும். திரும்பிப் போகாமல் வால்வு தடுக்கும், சைக்கிள் ரியூப்பில் போல. பம்பிலுள்ள பொத்தானை அழுத்தினால் நீர் பைக்குத் திரும்பும். தொடுகையுணர்வுக்கும் உச்சத்துக்கும் வேறு நரம்புகள். கருவி அவற்றைத் தொடுவதில்லை.

விலையும் உண்டு. பஞ்சுத் திசு பழுதாவதால் பழைய வழிக்குத் திரும்ப முடியாது. கிருமித்தொற்று வந்தால் பெரும்பாலும் கருவியைக் கழற்ற வேண்டும். அதனால் சீனியை முதலில் கட்டுப்படுத்துங்கள். வருடங்கள் போனபின் பழுதானால் மறுபடி சத்திரசிகிச்சை.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததைக் கலியாண வீட்டில் பெருமையாகச் சொல்லும் நம்மவர், இதற்கு மட்டும் சுவர் விளம்பர லேகியத்தை ஒளித்து வாங்குவார். "மூலிகை" என்று விற்கும் இத்தகைய மருந்துகளில் சில்டெனபில் கள்ளமாகக் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைத்திரேற்றுக் குளிசை போடுபவருக்கு அது இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில வாரம் பொறுக்க வேண்டும். பின்பு பம்பை இயக்கப் பழக்குவார்கள். முதலில் விரலுக்குக் குமிழ் எது, பொத்தான் எது என்றே பிடிபடாது.