ரேடியோவின் வயிற்றுக்குள் ஒரு கறுப்புத் தண்டு

கடையில் ரேடியோவைக் கையில் எடுத்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, ஏரியலை முழுக்க இழுத்துப் பார்ப்பது. நீளமாக இருந்தால் நன்றாக எடுக்கும் என்று ஒரு கணக்கு. பண்பலைக்கு அது சரிதான். ஆனால் கோடியக்கரைக்கோ முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கோ போகிறவர், கிடை ஆடுகளோடு வயலுக்கு வயல் பெயர்கிறவர், உப்பளத்தில் ராத்தங்குகிறவர் எல்லாம் கடைசியில் நம்ப வேண்டியது மத்திய அலையை, அதாவது மீடியம் வேவை. அதற்கு அந்தக் கம்பி வெறும் அலங்காரம். மத்திய அலைக்கான ஏரியல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, மெல்லிய செப்புக்கம்பி சுற்றிய கறுப்புத் தண்டாக. அதன் பெயர் ஃபெரைட்.

திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அலையின் நீளம் ஏறத்தாழ 320 மீட்டர். அதைக் கம்பி கட்டி முறையாகப் பிடிக்க வேண்டுமானால் கால் பங்காவது, அதாவது 80 மீட்டராவது வேண்டும். தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போகிற சமாச்சாரம் இல்லை. எனவே சின்ன ரேடியோக்கள் அலையை வேறு வழியில் பிடிக்கின்றன. ரேடியோ அலையில் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்தே வருகின்றன. ஃபெரைட் தண்டு பிடிப்பது காந்தப்புலத்தை. இரும்பு ஆக்சைடோடு வேறு சில உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டெடுத்த பீங்கான் வகை அது. காந்தக் கோடுகளுக்குக் காற்றைவிட அதன் வழியே போவது எளிது. மதகைத் தூக்கியதும் வாய்க்கால் தண்ணீர் அந்தப் பக்கமாக ஒதுங்குவதுபோல, அக்கம்பக்கத்துக் கோடுகள் தண்டுக்குள் திரளும். அந்தப் புலம் விநாடிக்கு 9,36,000 முறை மாறி மாறி அடிக்கும்போது, சுற்றியிருக்கும் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது.

தண்டு நீளமாக நீளமாகத் திரள்வதும் கூடும். சட்டைப்பை ரேடியோவில் ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் தண்டுக்கு இடம் கிடையாது. கைப்பிடி வைத்த அகலமான பெட்டியில் 15, 20 சென்டிமீட்டர் தண்டைக்கூட வைக்க முடியும். பயணத்துக்கு ஆகச் சிறியதே நல்லது என்று வாங்கிவிட்டு, ஊருக்கு வெளியே போனதும் ஒன்றும் கேட்கவில்லை என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தண்டுக்குத் திசை தெரியும். நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்கே கிடந்தால் ஒலி உச்சத்தில் இருக்கும். முனையை நிலையத்தை நோக்கி நீட்டினால் குரல் அமுங்கிவிடும். வேதாரண்யத்திலிருந்து பார்த்தால் திருச்சி கிட்டத்தட்ட மேற்கே. தண்டு பெரும்பாலும் பெட்டியின் நீளவாக்கில் மேல்பக்கம் இருக்கும் என்பதால், ரேடியோவின் முகம் மேற்கையோ கிழக்கையோ பார்க்க வேண்டும். கடையில் சோதிக்கவும் இதுவே வழி. ட்யூப்லைட்டும் இரும்பு ஷட்டரும் இருக்கும் இடத்தை விட்டு வாசலுக்கு வந்து, மங்கலாகக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்துப் பெட்டியை மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் குரல் சட்டென்று விழுந்து, அதைத் தாண்டியதும் எழுந்தால் உள்ளே இருக்கும் தண்டு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மத்திய அலைக்கு டெல்டாவைப் போலத் தோதான தரை கிடைப்பது அரிது. பகலில் இந்த அலை தரையை ஒட்டியே ஊர்ந்து போகிறது. தரை எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு தூரம் போகும். பாறையும் காய்ந்த மணலும் அதை உறிஞ்சிவிடும். ஈர வண்டல் அப்படியில்லை. கடல்நீரோ ஈரமண்ணைவிட நூறு மடங்குக்கும் மேல் மின்சாரத்தைக் கடத்தும். பாக் நீரிணையைத் தாண்டி வந்த இலங்கை வானொலி இந்தக் கரையோர வீடுகளில் உள்ளூர் நிலையம்போலக் கேட்டது இதனால்தான். 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் பரப்பிய ஆடுதுறை 27 ரகத்தைத் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அந்தப் புகழில் நம் வண்டலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

பண்பலை வேறு ஜாதி. அலைநீளம் மூன்று மீட்டர்தான், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். இழுக்கும் ஏரியல் அந்த அளவுக்குத்தான். ஆனால் இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நூறு மீட்டர் கோபுரத்திலிருந்து கிளம்பினால் 45 கிலோமீட்டர் சுமாருக்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். கொடைக்கானல் பண்பலை தொலைதூரம் எட்டுவது மலைமேல் நிற்பதால். நம் பக்கத்தில் உயரம் என்றால் பெரிய கோயில் விமானம், அதுவும் 216 அடி. எனவே காரைக்காலின் 100.3 மெகாஹெர்ட்ஸ், போகப் போகக் கரகரத்து மறைந்துவிடுகிறது.

இரவில் கதை மாறும். பகலில் மத்திய அலையை விழுங்கிக்கொண்டிருந்த வானத்து அடுக்கு ஒன்று சூரியன் மறைந்ததும் கலைந்துவிட, அலைகள் இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி வரும். எங்கெங்கோ இருக்கும் நிலையங்கள் வந்து குவியும். அப்போது அலையை வலுவாக வாங்குவதைவிட, ஒரு நிலையத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தெடுப்பதுதான் முக்கியம்.

டிஜிட்டல் ரேடியோ வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன, அமெரிக்காவில் 10. அங்கிருந்து மச்சான் கொண்டுவந்த ரேடியோ 930, 940 என்று தாவும், 936இல் நிற்காது. சென்னையின் 720 ஒன்பதாலும் பத்தாலும் வகுபடும் என்பதால் அதை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியென்றே தோன்றும். பல ரேடியோக்களில் 9/10 என்று மாற்றிக்கொள்ள வசதி உண்டு. இருக்கிறதா என்று கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள்.

ஓடும் பஸ்ஸுக்குள் மத்திய அலை சரியாக எடுக்காது; தகர உடம்பு மறைக்கும், ஜன்னலோரம் கொஞ்சம் தேவலை. மலிவான எல்.இ.டி. பல்பும் மொபைல் சார்ஜரும் இரைச்சலைக் கக்கும்; தண்டின் முனையை அவற்றின் பக்கம் திருப்பினால் இரைச்சல் குறையும். ரேடியோவுக்கே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் திருப்பியும் பயனில்லை, பிடுங்கிவிட்டுக் கேட்க வேண்டியதுதான்.

அதனால்தான் கட்டை பேட்டரி போடுகிற ரேடியோவாகப் பாருங்கள் என்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, இங்கே பல ஊர்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. பெட்டிக்கடையில் கட்டை கிடைக்கும்; சார்ஜ் கிடைக்காது. கேட்காமல் எடுத்து வைக்கும்போது கட்டைகளைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே கிடந்து கசிந்தால், உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டு ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.