எக்ஸ்ரேயைப் போகியில் போடாதீர்கள்

இந்த வருஷமும் ஒருவர் வந்துவிட்டார். மூச்சிரைப்பு, விடாத இருமல். ஆஸ்துமா என்று சொல்லி வருஷக்கணக்கில் மாத்திரை. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, அங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார் என்பது நான் துருவிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. அங்கே பார்த்த வைத்தியச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் எங்கே என்றேன். "வெள்ளையடிக்கறப்போ போகியில போட்டாச்சு டாக்டர், பழசுதானே" என்றார் கூட வந்த மருமகள்.

தாத்தா காலத்து இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தப் பத்திரம்) பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். மொய் நோட்டு மூன்று தலைமுறைக்கு இருக்கும். நுரையீரல் படம் மட்டும் நெருப்புக்குப் போகும். செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்க எனக்கு எரிச்சல் வராதா?

நிவாரணப் பணம் வந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கதை முடிந்தது என்று நினைக்கிறோம். உடம்பு அப்படி நினைப்பதில்லை. அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமா, நாகசாகியில் ரத்தப் புற்றுநோய் சில வருஷங்களிலேயே கூடியது; மற்ற புற்றுநோய்கள் தலைகாட்டப் பத்து வருஷம் ஆனது. அது தெரிந்ததே, சுமார் 1,20,000 பேரை விடாமல் கவனித்ததால்தான். ஜப்பானும் அமெரிக்காவும் இன்றுவரை அதற்குப் பணம் கொடுக்கின்றன. நியூயார்க் கோபுரத் தாக்குதலில் புழுதியைச் சுவாசித்தவர்களுக்கான சிகிச்சையையும் ஆராய்ச்சியையும் 2090 வரை தொடர 2015-ல் சட்டம் போட்டார்கள். போபாலில்? 1985-ல் சுமார் 80,000 பேரைக் கணக்கில் எடுத்துத் தொடங்கிய ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 1994-ல் நின்றது. ஐசிஎம்ஆரின் நிரந்தர ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வர 2010 ஆயிற்று.

தப்பியவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று சொன்னால் உடனே வரும் பதில்: "ஆராய்ச்சின்னா எங்களை எலியா வெச்சு ஊசி போட்டுப் பார்ப்பாங்க. அந்தக் காசுக்கு மருந்து வாங்கிக் குடுக்கலாமே." ஐயா, எந்த மருந்தை? யாருக்கு? எத்தனை நாளைக்கு? அதைத்தானே கண்டுபிடிக்க வேண்டும்! இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி மருந்து ஊசியே போடாதது. வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள், குழாயில் ஊதச் சொல்வார்கள், ரத்தம் எடுப்பார்கள், எழுதி வைப்பார்கள். (ஊதும்போது பாதியில் நிறுத்திவிட்டு "மூச்சு பத்தல" என்பவர்கள் தனி ரகம்.) பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன், போபாலில் மருந்துப் பரிசோதனைகளுக்கு முறையாகச் சம்மதம் வாங்கவில்லை என்ற புகார் எழுந்ததுதான். அதனால் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், புரியும் வரை கேளுங்கள். வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லலாம், சிகிச்சை நிற்காது.

சுனாமி, தீ விபத்து, பட்டாசு வெடிவிபத்து, எதில் தப்பியிருந்தாலும் சரி, புது டாக்டரிடம் போனால் முதலில் அதைச் சொல்லுங்கள். காகிதங்களை ஒரே பையில் போட்டு வையுங்கள், மொபைலிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் ஆய்வு நடத்துபவர்களுக்குப் புது நம்பரைக் கொடுங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு வரணும்?" என்று கேட்காதீர்கள். ஒன்றும் இல்லாதவர்கள் வந்தால்தான் மற்றவர்களுக்கு என்ன இருக்கிறது என்று தெரியும். தூக்கம் வராததையும், அலைச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குவதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தயவுசெய்து.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து வந்து ஊருக்கு நல்லது செய்பவர்களிடம் ஒரு வார்த்தை. டயாலிசிஸ் மெஷின் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் நோயாளியை வீடு தேடிப் போய்க் கணக்கெடுக்கும் பெண்ணின் சம்பளத்துக்கு இதுவரை யாரும் தந்ததில்லை, அதில் பெயர் பொறிக்க இடமில்லை பாருங்கள். மின்வேதியியல் என்றால் என்னவென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாத காலத்தில், அந்த ஆராய்ச்சிக்காக 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது அப்படித்தான். கணக்கெடுக்கும் அந்தப் பெண்ணின் பத்து வருஷச் சம்பளத்துக்கு யாராவது பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். கல்வெட்டு வேண்டுமென்றால் என் செலவில் வைத்துத் தருகிறேன்.