எல்எஸ்டி: தரையிறங்கு கப்பலா, தரையிறக்கு கப்பலா?

இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் எழுதும்போது எல்எஸ்டியைத் 'தரையிறங்கு கப்பல்' என்று எழுதிவிடுகிறோம். அதில் ஒரே ஓர் எழுத்து எனக்கு உறுத்துகிறது.

லேண்டிங் ஷிப், டாங்க் என்பதுதான் எல்எஸ்டி. டாங்கிகளைத் துறைமுகமே இல்லாத கரையில் கொண்டுபோய் விடும் கப்பல். 1940இல் பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையில் தளவாடங்களையெல்லாம் விட்டுவிட்டு வந்த பிரிட்டனுக்கு இது அவசரத் தேவை. பிரிட்டன் கேட்க, 1941 நவம்பரில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் வடிவமைப்பாளர் ஜான் நீடர்மேயர் முதல் வரைபடம் போட்டார், முடிவான வடிவம் 328 அடி நீளம், அப்புறம் ஆயிரத்துக்கும் மேல் கட்டினார்கள்.

டாங்க் என்ற பெயரே முதல் உலகப் போரில் ரகசியம் காக்க வைத்தது, செய்வது தண்ணீர்த்தொட்டி என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். இலங்கைத் தமிழில் தண்ணீர்த் தாங்கியும் உண்டு, யுத்த தாங்கியும் உண்டு. தமிழ்நாட்டில் சிலர் 'பீரங்கி' என்கிறார்கள், அது குண்டு துப்பும் குழாய்க்குத்தான் பொருந்தும், ஓடும் வண்டிக்கு அல்ல. டாங்கி என்பதே போதும்.

சரி, இறங்கா இறக்கா? நம் பேச்சில் கப்பல் தரைதட்டினால் அது விபத்து. இதுவோ வேண்டுமென்றே தரைதட்டும். கடலைத் தாண்டும்போது அடித்தொட்டிகளில் நீரை நிரப்பி ஆழமாக அமரும், கரை நெருங்கியதும் அதை வெளியேற்றி மிதந்து எழும், அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கத்தில், சுமார் 4 அடி ஆழ நீர் இருந்தால் போதும். போகிற போக்கில் பின்பக்க நங்கூரத்தைப் போட்டுவிட்டு மணலில் ஏறும், கதவு இரண்டாகப் பிளக்கும், சாய்தளம் விழும், டாங்கிகள் உருண்டு வெளியேறும். திரும்பும்போது அந்த நங்கூர வடத்தை இழுத்தே தன்னை விடுவித்துக்கொள்ளும். தரையில் இறங்குவது டாங்கி, இறக்குவது கப்பல். ஆகவே டாங்கித் தரையிறக்கு கப்பல், 'ங்'குக்குப் பதில் 'க்'.

மாலுமிகள் அதே மூன்றெழுத்தை 'லார்ஜ் ஸ்லோ டார்கெட்', அதாவது 'பெரிய, மெதுவான இலக்கு' என்று விரித்தார்கள். 1944 ஏப்ரல் 28 அதிகாலை, இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் நார்மண்டித் தரையிறக்கத்துக்கான ஒத்திகையின்போது ஜெர்மன் விரைவுப் படகுகள் இப்படிப்பட்ட 2 கப்பல்களை மூழ்கடித்தன, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதை நினைத்தால் அந்தப் பட்டப்பெயர் வலிக்கிறது.

இறக்குவதோடும் வேலை முடியவில்லை. பிரான்ஸின் நார்மண்டியில் டாங்கிகளை விட்டுவிட்டு, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. எல்எஸ்டி-325 இப்படி இங்கிலீஷ் கால்வாயை 40 முறைக்கு மேல் கடந்தது. இன்று இண்டியானாவின் எவன்ஸ்வில்லில் அருங்காட்சியகமாக நிற்கிறது.