ஆர்.எல்.வி.11-க்கும் ஆர்.எல்.வி.12-க்கும் நடுவே அந்த நான்கு பிட்

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பழைய பிடிபி-11 மினிகணினி ஒன்று கைக்கு வந்தால், 'ஓடுதா பார்ப்போம்' என்று கை பரபரக்கும். அந்த அவசரத்தில் ஒரு டிஸ்க் பேக்கில் (டிரைவிலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய தட்டில்) இருந்த கோப்புகள் பாழானதை என் பணிமேசையிலேயே பார்த்திருக்கிறேன். டிரைவ் நன்றாக இருந்தது, பேக்கும் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு கணினிக்கும் டிரைவுக்கும் நடுவில் இருந்த கன்ட்ரோலர் போர்டில். அதுவும் பழுதாகவில்லை, தனக்குப் பொருந்தாத கணினியில் செருகப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆர்.எல்.01, ஆர்.எல்.02 டிஸ்க் டிரைவ்களை க்யூ-பஸ் (போர்டுகளை இணைக்கும் பொதுத் தடம்) உள்ள கணினிகளோடு இணைக்க டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் முதலில் தந்த கன்ட்ரோலர் ஆர்.எல்.வி.11. அடுத்து வந்தது ஆர்.எல்.வி.12. இரண்டும் ஒரே டிரைவை ஓட்டும், ஒரே பேக்கைப் படிக்கும், இரண்டின் பதிவேடுகளும் (ரெஜிஸ்டர்கள்) அதே 774400 முகவரியில்தான் தொடங்கும். அதனால்தான் பலர் இவற்றை ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள்.

வெளியே தெரியும் வித்தியாசம் எளிது. ஆர்.எல்.வி.11 என்பது எம்.8013, எம்.8014 என்ற இரண்டு போர்டுகள். அவை பஸ் வழியாக மட்டும் பேசிக்கொள்வதில்லை. ஸ்லாட்டின் (போர்டு செருகும் இடத்தின்) சி, டி இணைப்பு வரிசைகளில் அடுத்தடுத்த இடங்களை இணைக்கும் தனிக் கம்பிகள் வேண்டும். சி, டி வரிசைகளிலும் க்யூ-பஸ்ஸே ஓடும் பெட்டியில் இந்த ஜோடியைச் செருகவே கூடாது. ஆர்.எல்.வி.12 ஒரே போர்டு, எண் எம்.8061, இரு வகைப் பெட்டியிலும் உட்காரும். ஜோடியை எடுத்துவிட்டு இதைப் போட்டால் ஒரு ஸ்லாட் காலியாகும். அதைக் கவனிக்காமல் விட்டால் போர்டுக்குப் போர்டு கடந்து செல்லும் குறுக்கீட்டு அனுமதியும் டி.எம்.ஏ. (செயலி இல்லாமல் போர்டே மெமரியை நேரடியாக அணுகும் முறை) அனுமதியும் அந்த இடத்தோடு நின்றுவிடும், கீழே உள்ள போர்டுகள் ஊமையாகிவிடும். அனுமதியை அடுத்த இடத்துக்குக் கடத்தும் கிராண்ட் கார்டைச் செருகுங்கள், அல்லது போர்டுகளை மேலே நகர்த்துங்கள்.

இதெல்லாம் உடனே தெரிந்துவிடும் தவறுகள், ஆகவே பயமில்லை. எனக்குப் பயமெல்லாம் வெளியே தெரியாத தவறில்தான். ஆர்.எல்.வி.11-இன் டி.எம்.ஏ. முகவரி 18 பிட். அதற்கு எட்டுவது 256 கிலோபைட் மட்டும். ஆர்.எல்.வி.12-க்குக் கூடுதலாக ஒரு பதிவேடு உண்டு. அதனால் 22 பிட், அதாவது 4 மெகாபைட் வரை எட்டும். ஒரு மெகாபைட் மெமரி உள்ள கணினியில் பழைய ஜோடியைச் செருகி, 300 கிலோபைட்டில் இருக்கும் தகவலை டிஸ்க்கில் எழுதச் சொன்னால் என்ன ஆகும்? மேல் நான்கு பிட்டுகள் உதிர்ந்துபோகும். கன்ட்ரோலர் 44 கிலோபைட்டில் இருப்பதை எடுத்து எழுதிவிட்டு, 'முடிந்தது' என்று சொல்லும். பிழைச் செய்தி வராது. இயங்குதளம் இதை முன்கூட்டியே அறிந்து சமாளித்தால் பிழைத்தோம். இல்லையென்றால் டிஸ்க்கில் ஏறியது குப்பை.

என் மேசைக்கு வந்த கணினியில் நடந்தது அதுவே. இரண்டு நாள் ஆர்.டி.11 இயங்குதளத்தின் ஒற்றைப்பணி மானிட்டரில் (ஒரு நேரத்தில் ஒரே நிரலை ஓட்டும் மையப் பகுதியில்) ஓட்டிப் பார்த்து 'எல்லாம் சரி' என்று முடிவு செய்திருந்தார் அதன் உரிமையாளர். அந்த மானிட்டர் முதல் 56 கிலோபைட்டைத் தாண்டுவதே இல்லை; அதில் இந்தக் கோளாறு வெளிப்பட வழியே கிடையாது. மூன்றாம் நாள் மேல் மெமரியைப் பயன்படுத்தும் நிரலை ஏற்றினார். கோப்புகள் வரிசையாகக் கெட்டன.

ஆர்.எல்.வி.12 வாங்கிவிட்டேன், கவலையில்லை என்றும் இருந்துவிடாதீர்கள். அதை 16, 18, 22 பிட் என மூன்று விதமாகவும் ஜம்பரால் (போர்டில் உள்ள சிறு இணைப்புத் துண்டால்) அமைக்கலாம். முந்தைய உரிமையாளர் 18-இல் விட்டிருந்தால், உங்களிடம் இருப்பதும் ஆர்.எல்.வி.11 போலத்தான் நடந்துகொள்ளும். கைப்பிடியில் உள்ள எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல், போர்டை வெளியே எடுத்து ஜம்பர்களைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

சோதனைக்கு உதவாக்கரை பேக் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காந்தத்தால் அழித்துச் 'சுத்தம்' செய்ய வேண்டாம். ஹெட்டுக்குத் தடம் காட்டும் சர்வோ குறிகள் தொழிற்சாலையில் எழுதப்பட்டவை. டிரைவால் அவற்றைத் திரும்ப எழுத முடியாது, பேக் நிரந்தரமாகப் போய்விடும். அசல் பேக்கை ஏற்றும் நாளில், லோட் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே எழுத்துத் தடைப் பொத்தானை அழுத்துங்கள். பேக் முழுவதையும் நகலெடுத்து, நகலைத் திறந்து பார்த்து உறுதி செய்யும்வரை அந்தப் பொத்தானை விடுவிக்காதீர்கள்.