மண்டூசிக்கு மருந்து கேட்கவில்லையா?

இந்த ஜனவரியில் நான் போய் நின்ற ஏழாவது கோதுமை வயல் அது. ஹரியானாவில், கர்னால் பக்கம். சல்ஃபோசல்ஃப்யூரான் என்ற களைக்கொல்லியை மூன்று முறை அடித்தாயிற்று, கடைசி முறை இரண்டு மடங்கு. கோதுமை மஞ்சள் பாய்ந்து குட்டையாக நிற்கிறது. நடுவே மண்டூசி என்ற புல்வகைக் களை பச்சைப்பசேலென்று தூர் கட்டியிருக்கிறது. “மருந்து போலி, டாக்டர் சாஹப்” என்று காலிப் பொட்டலத்தை நீட்டினார் வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர். போலியென்றால் கோதுமை ஏன் மஞ்சளாகிறது?

மண்டூசியை குல்லி டண்டா என்றும் இங்கே சொல்வார்கள். இளம் பருவத்தில் அப்படியே கோதுமை மாதிரி இருக்கும். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: அடித்தண்டு சிவப்போடியிருக்கும், கிள்ளினால் இளஞ்சிவப்புச் சாறு கசியும். கோதுமையில் அது கிடையாது.

இது புதுக்கதையும் இல்லை. நெல் அறுத்து கோதுமை, கோதுமை அறுத்து நெல் என்று ஓடிய வயல்களில் ஆண்டுக்கணக்காக ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே களைக்கொல்லியையே அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அது கேட்காமல் போனது. கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டவர்கள் உண்டு. அப்புறம் கிளோடினாஃபாப்பும் சல்ஃபோசல்ஃப்யூரானும் வந்தன. இன்று பல வயல்களில் அவையும் கேட்பதில்லை.

எல்லா வயலிலும் ஒரே பேச்சு: “களை மருந்துக்குப் பழகிப்போச்சு.” இல்லை ஐயா, பழகவில்லை! தினமும் குடிப்பவனுக்குச் சாராயம் பழகுவதுபோல ஒரு புல்லுக்கு மருந்து பழகாது. லட்சக்கணக்கான செடிகளில் ஒன்றிரண்டு அந்த மருந்துக்குச் சாகாத குணத்தோடேயே முளைத்திருக்கும், நீங்கள் கடைக்குப் போவதற்கு முன்பே. மற்றவை சாகின்றன, இவை விதை போடுகின்றன. அடுத்த ஆண்டும் அதே மருந்து, மறுபடி இவற்றின் வாரிசுகளே மிச்சம். விதைக்கென்று நல்ல கதிராகப் பொறுக்கி வைப்போமே, அதே வேலையை மண்டூசிக்குச் செய்துகொண்டிருக்கிறோம். ஆகவே அளவைக் கூட்டினால் அடி வாங்குவது கோதுமைதான். “ஒரு வருஷம் நிறுத்தினால் சரியாகிவிடும்” என்பதும் நடக்காது. அந்த விதை அதே குணத்தோடு மண்ணில் சில ஆண்டுகள் கிடக்கும்.

டப்பாவின் பெயரை மாற்றுவதும் மாற்றமல்ல. கிளோடினாஃபாப், ஃபெனாக்சாப்ராப், பினாக்சடென் மூன்றும் களையைத் தாக்குவது ஒரே இடத்தில். கடைக்காரரிடம் “வேறு கம்பெனி” கேட்காதீர்கள், வேறு வகை கேளுங்கள். இன்னொன்று: அகன்ற இலைக் களைக்கென்று கிளோடினாஃபாப்போடு 2,4-டி கலந்து அடிக்காதீர்கள், புல்லின் மேல் கிளோடினாஃபாப்பின் வேகம் குறையும். சல்ஃபோசல்ஃப்யூரான் அடித்த நிலத்தில் அடுத்து சோளமோ மக்காச்சோளமோ போட்டால் முளைப்பு அடிபடும். அந்தப் பெரியவர் அடுத்து தீவனச் சோளம் போடத்தான் நினைத்திருந்தார்.

மருந்தை யூரியாவிலும் மணலிலும் கலந்து வீசுவதை நிறுத்துங்கள். விசிறி நாசில் போட்டு, போதிய தண்ணீரில், களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது அடியுங்கள். தூர் கட்டிய பிறகு ஓடிவந்து என்னைக் கேட்டால் நான் என்ன செய்ய?

உண்மையான வேலை விதைப்பிலேயே இருக்கிறது. மண்டூசி முளைக்கக் குளிர் வேண்டும். குளிர் ஏறுமுன், அக்டோபர் கடைசியில் விதைத்தால் கோதுமை முந்திக்கொள்ளும். நெல் தாளைக் கொளுத்தாமல், உழாமல், தாளுக்கு நடுவே விதைக்கும் ஹேப்பி சீடர் இயந்திரத்தால் நேரே விதையுங்கள். மண்ணைப் புரட்டாததால் முளைப்பது குறையும், மூடிக்கிடக்கும் தாள் இன்னும் அமுக்கும். உழுதுதான் விதைப்பீர்களென்றால், விதைத்த கையோடு ஈர மண்ணில் பெண்டிமெத்தலின் போன்ற முளைக்குமுன் மருந்து அடியுங்கள். மூன்று நாலு ஆண்டுக்கு ஒரு முறையாவது பெர்சீம் என்ற தீவனப் பயிரோ கரும்போ போடுங்கள். பெர்சீமை அடிக்கடி அறுப்பதால் மண்டூசிக்கு விதை போட நேரமே கிடைக்காது.

தப்பிய செடிகளை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். கோதுமை அறுவடைக்கு முன்பே அவை விதையை உதிர்த்துவிடும், மிச்சத்தை அறுவடை இயந்திரம் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகும். கதிர் தலைகாட்டியதும் பிடுங்கிச் சாக்கில் கட்டி வெளியேற்றுங்கள். வரப்பிலும் எருக்குழியிலும் போட வேண்டாம். “ஆறு ஏக்கரில் எப்படி?” என்றார் பெரியவர். வாய்க்காலோரம் அடர்ந்து நின்ற அந்த ஒரு பாத்தியையாவது இந்த மாதம் பிடுங்கிவிடுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுவிட்டு வந்தேன்.