பூச்சி தின்ன வாங்கிய மீனுக்கு நாளைக்கும் பசிக்கும்

போன வருடம் சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் காய்ந்து சுருண்டு கிடந்தது ஒரு ஃபயர்ஃபிஷ். கீழே ஒரு வரி: "அண்ணா, பூச்சியெல்லாம் போயிடுச்சு. ஆனா இது மூணாவது மீன்."

எனக்குப் பழகிய கடல்நீர்ப் பவளத் தொட்டிதான். இரண்டடி நீளம், சுமார் 120 லிட்டர், பெரும்பாலும் ஜோவாந்தஸ் என்கிற பொத்தான் பவளங்களும் காளான் பவளங்களும். பாறையில் தட்டைப்புழு பெருகியதும் மனிதர் பதறிப்போய்க் கடைக்கு ஓடியிருக்கிறார். அங்கே சிக்ஸ்லைன் ராஸ் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஊதா உடம்பில் ஆறு ஆரஞ்சுக் கோடு ஓடும், விரல் நீள அழகு மீன். நாள் முழுக்கப் பாறை இடுக்கெல்லாம் நுழைந்து பொறுக்கித் தின்னும். சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது. இரண்டு மாதத்தில் தொட்டி தனக்கே சொந்தம் என்று முடிவு செய்துவிட்டது. அதற்குப் பிறகு உள்ளே விட்ட ஒவ்வொரு மீனையும் மூலைக்குத் துரத்தியது. ஃபயர்ஃபிஷ் மிரண்டால் மேலே பாயும். மூடியில்லாத தொட்டி என்றால் தரைதான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. "இந்தப் பூச்சியை எது தின்னும்?" என்று கேட்டார்கள், பதில் சொன்னார். தின்று முடித்த பிறகு அது மற்றவற்றோடு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. சிங்கப்பூரில் பன்னிரண்டு வருடமாகப் பவளத் தொட்டிகளைப் பராமரித்து வருகிறேன். பூச்சியால் பாழான தொட்டிகளைவிட, பூச்சிக்காக வாங்கிய மீனால் பாழான தொட்டிகளுக்குத்தான் என்னை அதிகம் கூப்பிட்டிருக்கிறார்கள். மருந்து என்றால் அதை உறிஞ்சும் கார்பன் போட்டு, தண்ணீர் மாற்றி வெளியே எடுத்துவிடலாம். பாறைக்குள் வீடு கட்டிவிட்ட மீனை அப்படி எடுக்க முடியாது.

அதனால் யாராவது "என்ன மீன் வாங்கலாம்?" என்று கேட்டால், முதலில் படம் அனுப்பச் சொல்வேன். பாதிப் படங்களில் பூச்சியே இருக்காது. இரவில் டார்ச் அடித்துப் பார்த்து "பூரான் மாதிரி ஊருது அண்ணா" என்று அலறுவார்கள். அது முட்கள் வைத்த பிரிசில் புழு. மீந்த தீனியையும் செத்ததையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கிற ஜீவன். வெறுங்கையால் தொட்டால் முள் ஏறும், அவ்வளவுதான். அது அதிகமாகிவிட்டது என்றால் நீங்கள் தீனி அதிகமாகப் போடுகிறீர்கள். குட்டி நொறுங்கு நட்சத்திரங்கள், கண்ணாடியில் ஓடும் கோப்பிபாட் என்கிற பொடி உயிர்கள், பாறையிலிருந்து வெள்ளை நூல் நீட்டும் புழுக்கள் எல்லாம் உங்கள் பக்கம்தான். இவற்றைத் தின்ன மீன் வாங்குவது, வீட்டைப் பெருக்குகிற ஆளை விரட்டக் காவலாளி வைப்பது மாதிரி.

ஏப்டேசியா அப்படியில்லை. அது நிஜமாகவே தொல்லை. பழுப்பு நிறத்தில் கண்ணாடி போன்ற சின்னக் கடல் சாமந்தி, பவளத் துண்டோடு ஒட்டிக்கொண்டு வரும். நகத்தால் சுரண்டி எடுத்தால் போய்விடும் என்று நினைப்பீர்கள். அடிப்பாகத்தில் துளி மிஞ்சினாலும் திரும்ப முளைக்கும், ஒன்று பத்தாகும். ஐந்தாறுதான் இருக்கிறது என்றால் எந்த மீனும் வேண்டாம். சுண்ணாம்புப் பசையை ஊசியால் அதன் வாய்மேல் வையுங்கள், அந்த நேரம் பம்பை நிறுத்தி வைத்தால் போதும். பாறை முழுக்கப் பரவியிருந்தால் மட்டும் மேலே யோசிக்கலாம்.

இதற்கு எல்லோரும் சொல்வது காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன். நீண்ட மூக்கும் ஆரஞ்சுப் பட்டையுமாக இங்கே சிங்கப்பூரின் தென்தீவுப் பவளத்திட்டுகளிலேயே காணக் கிடைக்கிற மீன்தான். சாதுவானது, ஆனால் சின்ன வீட்டுத் தொட்டிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். 20 சென்டிமீட்டர் வரை வளரும். முக்கியமாக, உறைந்த தீனியைத் தொடாமல் பட்டினி கிடந்தே சாகக்கூடியது. ஏப்டேசியா தீர்ந்த அன்றைக்கு அதற்குச் சாப்பாடும் தீர்ந்துவிடுகிறது. பெரிய தொட்டி இருந்து, வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கடையில் உங்கள் கண் முன்னால் மைசிஸ் என்கிற உறைந்த குட்டி இறாலைப் போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத மீனை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

நான் அதிகம் பயன்படுத்துவது பிரிசில்டெய்ல் ஃபைல்ஃபிஷ். ஊரில் கிளாத்தி என்பார்களே, அதற்குத் தூரத்து உறவு. பாறை நிறத்துக்குத் தன் நிறத்தை மாற்றிக்கொண்டு, பாசியில் ஒட்டிய இலை மாதிரி தூங்கும். மற்ற மீன்களிடம் வம்புக்குப் போகாது, போட்ட தீனியைத் தின்னும், பண்ணையில் பொரித்த குஞ்சுகளும் கிடைக்கின்றன. ஆனால் ஏப்டேசியாவோடு நிறுத்திக்கொள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஜோவாந்தஸையும் சதைப்பற்றுள்ள பவளங்களையும் இந்த மீன்களில் சில கொறிக்கும். அதனால் வாடிக்கையாளரிடம் விற்பதில்லை, இரவல் தருகிறேன். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஆறு வாரம் வேலை, பிறகு அடுத்த வீடு.

பெப்பர்மிண்ட் இறாலும் நல்ல கை. ஒன்றை வாங்காமல் மூன்று நான்காக விட்டு, இரவுத் தீனியைக் குறையுங்கள். வயிறு நிறைந்த இறால் ஏப்டேசியா பக்கம் போகாது. இங்கேதான் பெரிய ஆள்மாறாட்டம் நடக்கிறது. ஒட்டக இறால் என்று இன்னொன்று உண்டு. முதுகில் திமில், சிவப்பு உடம்பில் பளிச்சென்று வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும். பெப்பர்மிண்ட்டில் அந்த வெள்ளை இருக்காது, ஒளி ஊடுருவும் உடம்பில் மெல்லிய சிவப்புக் கோடுகள்தான். ஒட்டக இறால் பவளப் பாலிப்புகளைத் தின்னும். ஒரே தொட்டியில் இரண்டையும் கலந்து வைத்து விற்ற இடத்தை நானே பார்த்திருக்கிறேன்.

தட்டைப்புழுவுக்கு வருகிறேன், செங்காங் நண்பரின் தொல்லை அதுதானே. துருச் சிவப்பில் அரிசியைவிடச் சின்னதாக, வால் நுனி பிளந்தாற்போல இருந்தால் அது சிவப்புத் தட்டைப்புழு. பல மீன்கள் அதைத் தொடுவதே இல்லை, சிக்ஸ்லைனும் எல்லா வீட்டிலும் தின்னாது. கூட்டமாகச் செத்தால் அவற்றின் உடம்பிலிருந்து விஷம் கசியும். அதனால் மருந்துக்கோ மீனுக்கோ முன்னால் காற்றுக்குழாயை வாயால் உறிஞ்சி வைத்து (தண்ணீர் வாய்க்கு வருவதற்குள் விடத் தெரிய வேண்டும்!) தினமும் பத்து நிமிடம் புழுக்களை இழுத்து எடுங்கள். இரண்டு வாரம் அலுக்காமல் செய்தால் முக்கால்வாசி போய்விடும். மீந்திருப்பதைப் பொறுக்கத்தான் மீன்.

நான்கடித் தொட்டி என்றால் மஞ்சள் கோரிஸ் ராஸ். எலுமிச்சை மஞ்சள், 12 சென்டிமீட்டருக்கு மேல் போகாது, குணத்தில் தங்கம். தட்டைப்புழு, சிப்பிகளை உறிஞ்சும் குட்டி நத்தை, இன்னும் என்னென்னவோ தின்னும். மெலனூரஸ் ராஸ் இன்னும் திறமைசாலி, ஆனால் வளர்ந்தால் கொஞ்சம் முரடு. பெப்பர்மிண்ட் இறால் சட்டை உரிக்கிற நேரம் பார்த்துக் கொன்றுவிடவும் கூடும். இரண்டுக்குமே ஐந்து சென்டிமீட்டர் பொடி மணல் கட்டாயம் வேண்டும், இரவில் மணலுக்குள்தான் தூக்கம். வெறும் கண்ணாடித் தரையில் வைத்தால் நிம்மதியில்லாமல் மோதி மோதிக் காயப்படும். புதிதாக விட்ட மீன் மணலுக்குள் போய் இரண்டு மூன்று நாள் தலைகாட்டாமலும் இருக்கும். செத்துவிட்டதோ என்று கரண்டியைப் போட்டுக் கிளறாதீர்கள். தொட்டிக்கு வலை மூடியும் போடுங்கள், ராஸ் எல்லாமே பாயும்.

120 லிட்டர் தொட்டிக்கு இவை பெரிது. அங்கே போஸம் ராஸ் அல்லது பிங்க் ஸ்ட்ரீக்ட் ராஸ் போதும். வெட்கப்படுகிற குட்டி மீன்கள், வேலை மெதுவாகத்தான் நடக்கும். தட்டைப்புழுவைக் காரணம் காட்டி மேண்டரின் மீன் வாங்காதீர்கள். அது கோப்பிபாட்டை நம்பி வாழ்வது, சின்னத் தொட்டியில் மெலிந்து மெலிந்தே சாகும். வெள்ளைப்புள்ளி நோய்க்கு என்று கிளீனர் ராஸ் வாங்குவதும் வீண். அது மீன் உடம்பின் மேலே ஒட்டும் ஒட்டுண்ணிகளைத் தின்பது, வெள்ளைப்புள்ளிக் கிருமி தோலுக்குள் புதைந்து கிடப்பது. தனித்தொட்டி வைத்தியம்தான் அதற்கு வழி.

இத்தனை மீனும் தேவைப்படாமல் இருக்க ஒரு பழக்கம் உண்டு, சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. வாங்கி வந்த பவளத்தை நேரே தொட்டியில் வைக்காதீர்கள். மருந்துக் குளியல் கொடுங்கள், அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கோ பீங்கானோ அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதில் ஒட்டுங்கள். பூச்சிகளின் முட்டை அங்கேதான் இருக்கும். குளியல் முட்டையைக் கொல்லாது, ராஸும் முட்டையைத் தின்னாது. முடிந்தால் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துத் திரும்பக் குளிப்பாட்டுங்கள். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் எனக்கு அடிக்கடி எழுதுவதால் இதையும் சொல்கிறேன்: பாறைப் பவளங்கள் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் பூச்சி வருமா என்று யோசிக்கவே வேண்டாம், வாங்காதீர்கள்.

செங்காங் சிக்ஸ்லைனைப் பிடிக்கப் பதினோரு நாள் ஆனது. தண்ணீர் பாட்டிலை வெட்டி, வாயைத் திருப்பிச் சொருகி, உள்ளே இறால் துண்டு வைத்துப் பொறி செய்தோம். முதல் வாரம் பாட்டிலைச் சுற்றி வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது, இரண்டு நத்தைகள் மாட்டின. மற்ற தீனியை நிறுத்திய மூன்றாம் நாள் காலையில் உள்ளே நின்றுகொண்டிருந்தது. இப்போது என் பட்டறையில் பவளத் துண்டுகள் வளர்க்கும் தொட்டியில் தனியாக இருக்கிறது. கையை விட்டால் விரலைக் கொத்த வரும்.